ஓடிபி சொன்னால் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம்: வரிக் கணக்குத் தாக்கல் செய்பவரோடு எழுதிக்கொள்ள வேண்டிய ஒரு பக்கம்



டி. கல்லுப்பட்டியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஸுன்னத் தொழுதுவிட்டு எழுந்தபோது ஒரு சகோதரர் ஓரமாகக் காத்திருந்தார். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியர். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார். பாகப்பிரிவினையாக இருக்கும் என்று நினைத்தோம். அவர் கைபேசியை நீட்டினார். வருமான வரித் துறையிடமிருந்து வந்த குறுஞ்செய்தி. நீங்கள் கோரிய கழிவுகளைச் சரிபார்த்து, தவறு இருந்தால் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யுங்கள் என்பது அதன் சாரம்.

நடந்தது இதுதான். 2024 ஜூலையில் அவருடைய பள்ளியில் பலருக்கும் ஒரே நபர் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்திருக்கிறார். "ரீஃபண்ட் வாங்கித் தர்றேன் சார், வந்தா நூத்துக்குப் பத்து எனக்கு" என்பது பேச்சு. பான், ஆதார், ஃபார்ம் 16 ஆகியவற்றின் நகல் வாட்ஸ்அப்பில் போனது. ஒரு நாள் ஃபோனில் ஓடிபி கேட்டார், இவர் சொன்னார். சில வாரங்களில் வங்கிக் கணக்கில் 17,680 ரூபாய் வந்தது. 1,768 ரூபாயை அவருக்கு அனுப்பிவிட்டு இவர் அதை மறந்துவிட்டார்.

இப்போது ரிட்டர்னை இறக்கிப் பார்த்தால், அரசியல் கட்சிக்கு இவர் 85,000 ரூபாய் நன்கொடை கொடுத்ததாக அதில் இருக்கிறது! எந்தக் கட்சிக்கும் ஐந்து ரூபாய் கொடுத்தவர் இல்லை. துறையின் இணையதளத்தில் இவர் பெயரில் இருந்த மின்னஞ்சல் முகவரியும் இவருடையது அல்ல.

"நான் பொய் சொல்லலையே ஹஜ்ரத், அவர்தானே எழுதினார். இந்தப் பணம் எனக்கு ஹலாலா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இக்கட்டுரை. கூடவே, இப்படி ஒரு நிலை வராமல் இருக்க ஒரு பக்கக் கடிதம் எப்படி உதவும் என்பதையும் பார்ப்போம்.

இது ஒருவருக்கு மட்டும் நடந்ததா?

இல்லை. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்யான கழிவுகளைக் காட்டி ரிட்டர்ன் போட்டுக்கொடுத்த இடைத்தரகர்கள்தான் குறி. மத்திய நேரடி வரிகள் வாரியம் அன்று வெளியிட்ட செய்தியில் தமிழ்நாடும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தது. வீட்டு வாடகைப் படி, அரசியல் நன்கொடை, மருத்துவக் காப்பீடு, கல்விக்கடன் வட்டி என்று இல்லாததை எல்லாம் எழுதி, வரும் ரீஃபண்டில் பங்கு வாங்கியிருக்கிறார்கள். மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கிப் பிறகு கைவிட்டுவிடுவதால், துறை அனுப்பும் நோட்டீஸ்கள் யார் கண்ணிலும் படாமலே கிடக்கின்றன என்றும் அச்செய்தி சொன்னது. அதற்கு முந்தைய 4 மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே திருத்திய கணக்குக் கொடுத்து, 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள்.

நம் ஊர் ஆசிரியர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவ்வளவுதான்.

யார் எழுதினாலும் கணக்கு உங்களுடையது

சட்டத்தில் இதற்குக் குழப்பமே இல்லை. தனிநபரின் ரிட்டர்னைச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டியவர் அவரேதான். ரிட்டர்னின் கடைசியில், இதில் உள்ளவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று ஓர் உறுதிமொழி இருக்கிறது. முன்பு அதன் கீழே பேனாவால் கையெழுத்துப் போட்டோம். இப்போது ஆதார் ஓடிபிதான் அந்தக் கையெழுத்து. ஆறு இலக்க எண்ணை ஃபோனில் சொல்லும்போது நாம் ஒரு ஷஹாதத் (சாட்சியம்) சொல்கிறோம் என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அதற்குரிய வரியில் 50 சதவீதம் அபராதம். தெரிந்தே பொய்யாகக் காட்டியதாகக் கருதப்பட்டால் 200 சதவீதம். பொய் உறுதிமொழிக்குச் சிறைத் தண்டனையும் சட்டத்தில் உண்டு. அதற்குத் துணை போனவருக்கும் தண்டனை உண்டுதான். ஆனால் அவரை எங்கே தேடுவது? ரிட்டர்னில் அவர் பெயர் இல்லை, உங்கள் கையில் அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகூட இல்லை. அமெரிக்காவில் கூலி வாங்கிக்கொண்டு பிறர் ரிட்டர்னைத் தயாரிப்பவர் தன் அடையாள எண்ணைக் குறித்து அதில் கையொப்பமிட வேண்டும். அப்படிச் செய்யாமல் ஒளிந்துகொள்பவர்களை அங்குள்ள வரித் துறையே 'பேய்த் தயாரிப்பாளர்கள்' என்று அழைத்து மக்களை எச்சரிக்கிறது. நம் ஊரில் ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் ரிட்டர்ன் போடும் பலர் அந்த வகைதான்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஜிஎஸ்டியிலும் இதே கதை. 2017-ம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம் 48-வது பிரிவில், ஜிஎஸ்டி பிராக்டிஷனர் மூலம் தாக்கல் செய்தாலும் விவரங்களின் சரித்தன்மைக்குப் பதிவு பெற்ற வியாபாரியே பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மாதந்தோறும் கணக்குக் கொடுக்க வேண்டிய ஒரு கடைக்காரர் தொடர்ந்து 6 மாதம் விட்டால் பதிவையே ரத்து செய்ய இடமுண்டு. 'ஆடிட்டர் போட்டிருப்பார்' என்று கடைக்காரரும், 'பில் அனுப்பவில்லையே' என்று அவரும் இருந்து, இடையில் பதிவு போய்விட்ட கடைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆடிட்டர் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிட்டர்ன் போடுபவரை எல்லாம் நாம் ஆடிட்டர் என்கிறோம். பட்டயக் கணக்காளர் வேறு, வரி ஆலோசகர் வேறு, ஜிஎஸ்டி பிராக்டிஷனர் வேறு, கணினி தெரிந்த தம்பி வேறு. நால்வரும் ரிட்டர்ன் தயாரிக்க உதவலாம். ஆனால் தவறு நடந்தால் புகார் சொல்ல ஒரு கழகம் இருப்பது முதலாமவருக்குத்தான்.

நிஜ ஆடிட்டர் ஒருவர் இந்த ஊரிலேயே வாழ்ந்தார். ஜே.சி. குமரப்பாவைக் காந்தியப் பொருளியல் அறிஞராகத்தான் பலருக்குத் தெரியும். அவர் லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து மும்பையில் ஆடிட்டராகத் தொழில் செய்தவர், பிறகு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணக் கணக்குகளை அவர் கவனித்தபோது, காந்தியோடு வந்தவர்களின் செலவைக்கூட நிவாரண நிதியிலிருந்து கொடுக்க மறுத்தார் என்று சொல்வார்கள். தன் கடைசிக் காலத்தை அவர் கழித்தது டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். 1960 ஜனவரி 30-ல் காலமானார். ஆசிரமத்தைக் கடந்து போகும்போதெல்லாம் நமக்கு அந்தப் பீகார் கணக்கு நினைவுக்கு வரும். பிறர் பணத்தை எழுதுகிறவரின் பேனா எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

எங்கேஜ்மென்ட் லெட்டர் என்றால் என்ன?

முறையாகத் தொழில் செய்யும் பட்டயக் கணக்காளர்கள் ஒரு வேலையைத் தொடங்கும் முன் வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள். எந்த வேலை, எந்த வருடத்துக்கு, எவ்வளவு கட்டணம், நீங்கள் தர வேண்டியது என்ன, நான் செய்யப்போவது என்ன, செய்யப்போகாதது என்ன என்று அதில் இருக்கும். இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வார்கள். இதுதான் எங்கேஜ்மென்ட் லெட்டர். தமிழில் பணி ஒப்புதல் கடிதம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தணிக்கைப் பணிக்கு இது கட்டாயம். இந்திய பட்டயக் கணக்காளர் கழகத்தின் தணிக்கைத் தரநிலை 210 இதற்காகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் கணக்குக் காலங்களுக்கு அது பொருந்தும். (பள்ளிவாசல், மதரஸா அறக்கட்டளைகளின் கணக்கைத் தணிக்கைக்குக் கொடுக்கும் நிர்வாகிகள் இந்தக் கடிதம் தங்கள் கோப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.) சாதாரண ரிட்டர்ன் போடுவதற்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததால்தான் 500 ரூபாய்க்கும் 1,000 ரூபாய்க்கும் ரிட்டர்ன் போடும் இடங்களில் யாரும் எழுதிக்கொள்வதில்லை.

கடிதம் கேட்டால் அவர் மனம் நோகுமே, நம்பாதது போல இருக்குமே என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். நிகாஹ் அன்று மாமனார், மருமகன் இருவரும் உறவாகப்போகிறவர்கள்தானே? அங்கே ஜமாஅத் தஃப்தரில் மஹ்ர் தொகையை எழுதி, வலியும் சாட்சிகளும் கையெழுத்துப் போடவில்லையா? அதனால் யாருடைய மனமும் நோகவில்லை. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடனை எழுதிவைப்பது பற்றியது (2:282). எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், எழுதுபவருக்கோ சாட்சிக்கோ தீங்கு செய்யக் கூடாது என்பதெல்லாம் அந்த ஒரே வசனத்தில் வருகின்றன. அது கடனுக்கு வந்த கட்டளை என்பதும், எழுதுவதை வாஜிப் என்று சொல்லாமல் விரும்பத்தக்கது என்றே பெரும்பான்மை அறிஞர்கள் கொண்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் பிறகு தகராறு வரக்கூடிய எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் அதன் ஹிக்மத் பொருந்தும்.

நூற்றுக்குப் பத்து கூடுமா?

ரிட்டர்ன் போடுபவரை அமர்த்துவது ஃபிக்ஹில் இஜாரா, அதாவது கூலிக்கு வேலை வாங்குதல். அவர் நம் சார்பில் தாக்கல் செய்வதால் வகாலத்தும் அதில் கலந்திருக்கிறது. இஜாரா செல்லுபடியாக வேலையும் தெரிந்திருக்க வேண்டும், கூலியும் தெரிந்திருக்க வேண்டும். 'வருகிற ரீஃபண்டில் பத்தில் ஒன்று' என்றால், எவ்வளவு வரும், வருமா என்பதே தெரியாது. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹப்களின்படியும் இத்தகைய அறியப்படாத கூலி ஒப்பந்தத்தைப் பழுதாக்கும். சில வகை வேலைகளில் விளைச்சலிலிருந்தே ஒரு பங்கைக் கூலியாக்கலாம் என்று ஹன்பலி மத்ஹபில் கருத்து இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலையே பொய் எழுதுவதாக இருக்கும்போது, கூலி எப்படிப் பேசப்பட்டது என்ற ஆய்வுக்கே இடமில்லை. அந்த 1,768 ரூபாய் வாங்கியவருக்கும் ஹலால் இல்லை. வல்லாஹு அஃலம்.

பட்டயக் கணக்காளர்களின் ஒழுங்கு விதியும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. லாபத்தில் சதவீதமாகவோ, இன்ன முடிவு கிடைத்தால்தான் என்ற நிபந்தனையோடோ கட்டணம் வாங்குவது, சில விதிவிலக்குகள் தவிர, 1949-ம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி தொழில்முறைத் தவறு. பங்கு பேசிவிட்டால் தொகையை ஏற்றுவதில் எழுதுகிறவருக்கே ஆசை வந்துவிடும் என்பதுதான் காரணம். ஆகவே "ரீஃபண்டில் பங்கு" என்று ஒருவர் தொடங்கினால், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் தையற்காரர், சாயம் போடுபவர் போன்றோரை ஹனஃபி நூல்கள் 'அஜீர் முஷ்தரக்' என்கின்றன. தன் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள் கெட்டால் அவர் எப்போது ஈடு தர வேண்டும் என்பதில் இமாம் அபூஹனீஃபாவுக்கும் அவருடைய இரு மாணவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவருடைய வரம்பு மீறலாலும் கவனக்குறைவாலும் வந்த நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு என்பதில் வேறுபாடு இல்லை. சில அலுவலகங்கள் கொடுக்கும் கடிதத்தில் 'எந்தத் தவறுக்கும் நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் மறைத்த விவரத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல என்றால் சரி. அவர்களே தேதியைத் தவறவிட்டதற்கும் பொறுப்பல்ல என்றால் அது அமானிதம் ஆகாது. அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

நம் வீடுகளில் மறந்துபோகிற விஷயங்கள்

கடிதம் வாடிக்கையாளரை மட்டும் காப்பதற்கல்ல. நாம் மறைத்த விவரத்துக்காகக் கணக்கு எழுதியவர் பழி சுமப்பதும் அநீதிதான்.

நம் சமுதாயத்தில் அதிகம் விடுபடுவது வங்கி வட்டி. "அதை நாம தொடறதே இல்ல, ஸவாபை எதிர்பார்க்காம ஏழைகளுக்குக் கொடுத்திடறோம், அதை ஏன் கணக்குல காட்டணும்?" என்று கேட்கிறார்கள். சட்டம் வேறு மாதிரிப் பார்க்கிறது. உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்ட வட்டியை நீங்கள் பிறகு என்ன செய்தாலும் அது உங்கள் வருமானமாகவே எழுதப்படும். துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் (ஏஐஎஸ்) வங்கி சொன்ன தொகை ஏற்கெனவே இருக்கும். காட்டாமல் விட்டால் நோட்டீஸ் வரும். அதேபோல் ஜகாத் கொடுத்ததற்காக வரியில் கழிவு கிடையாது. 80ஜி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு முறைப்படி நன்கொடை கொடுத்து ரசீது வைத்திருந்தால், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர் அந்தப் பிரிவின்படி கோரலாம். ஏழை உறவினருக்குக் கொடுத்த ஜகாத்தை 80ஜியில் எழுதச் சொல்வது, அந்த ஆசிரியருக்கு நடந்த பொய்யின் இன்னொரு வடிவம்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் பாஸ்போர்ட் முத்திரைகளைக் காட்டாமல் ரிட்டர்ன் போடச் சொல்லக் கூடாது. அந்த ஆண்டில் இந்தியாவில் எத்தனை நாள் தங்கினார் என்பதை வைத்துத்தான் அவர் இங்கே குடியிருப்பவரா இல்லையா என்பதும், அங்குள்ள சம்பளத்துக்கு இங்கே வரி உண்டா என்பதும் முடிவாகும். அத்தா பெயரில் வாடகை வரும் கடை, உம்மா பெயரில் உள்ள டெபாசிட், மகன் பெயரில் வாங்கிய நிலம் என்று குடும்பக் கணக்குகள் பின்னிக்கிடக்கும் வீடுகளில் யாருடைய ரிட்டர்னை அவர் போடுகிறார் என்பதே எழுதப்பட வேண்டும்.

ஒரு மாதிரிக் கடிதம்

வழக்கறிஞர் மொழி வேண்டாம். இப்படி ஒரு வெள்ளைத் தாளில் எழுதினால் போதும்:

"நான் (பெயர், பான் எண்) 2025-26 நிதியாண்டுக்கான என்னுடைய வருமான வரி ரிட்டர்னை மட்டும் தயாரித்துத் தாக்கல் செய்யும் வேலையைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். ஃபார்ம் 16, எல்லா வங்கிக் கணக்குகளின் விவரம், வாடகை வரவு, கழிவுகளுக்கான ரசீதுகள் ஆகியவற்றை (தேதி) அன்று தந்துள்ளேன். இவை தவிர எனக்கு வேறு வருமானம் இல்லை. ரசீது இல்லாத எந்தக் கழிவையும் என் பெயரில் கோர வேண்டாம். ரிட்டர்ன் நகலை எனக்குக் காட்டி, நான் படித்துச் சம்மதித்த பிறகே ஓடிபி தருவேன். இணையதளத்தில் என் சொந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் மட்டுமே இருக்கும். கட்டணம் ரூ. ____, ரீஃபண்ட் வந்தாலும் வராவிட்டாலும் இதே தொகை. பின்னால் நோட்டீஸ் வந்தால் அதற்குப் பதில் தயாரிக்கும் கட்டணம் தனி. தாக்கல் செய்ததும் ஒப்புகைச் சீட்டும் முழு ரிட்டர்னும் எனக்குத் தரப்படும். என் ஆவணங்களை வேறு எவருக்கும் தர வேண்டாம்."

கீழே இருவர் கையெழுத்து, தேதி, அவருடைய முழுப் பெயர், முகவரி, பதிவு எண் இருந்தால் அதுவும்.

இதில் மிக முக்கியமானது எது என்று கேட்டால், மின்னஞ்சல் வரி என்போம். மதுரை பீபீகுளத்தில் உள்ள வருமான வரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து நோட்டீஸ் ஒட்டுவார் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இப்போது பெரும்பாலானவை இணையதளத்திலும் மின்னஞ்சலிலும்தான் வருகின்றன. அந்த முகவரி வேறொருவருடையது என்றால், வீட்டு வாசலைப் பக்கத்துத் தெருவில் வைத்த மாதிரி. 'நோட்டீஸுக்குக் கட்டணம் தனி' என்பதையும் இலேசாக விட்டுவிடாதீர்கள். ரிட்டர்ன் போட்டவரே நோட்டீஸையும் சும்மா பார்ப்பார் என்று நாமும், அது தனி வேலை என்று அவரும் நினைப்பதில்தான் பாதிச் சண்டை.

படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டி, வீட்டில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடலாம். தாள் பிடிக்காதவர் இதையே வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சம்மதம்' என்று அவரிடமிருந்து பதில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

அந்த 17,680 ரூபாய்

ஆசிரியருக்கு நாம் சொன்ன பதில் சுருக்கமானது. உங்களுக்குத் தெரியாமல் எழுதப்பட்டதற்கு உங்கள் மீது பொய்யின் பாவம் இல்லை என்று நம்புவோம். ஆனால் படித்துப் பார்க்காமல் ஓடிபி கொடுத்த அலட்சியத்துக்குத் தவ்பா வேண்டும். பணம் உங்களுடையது அல்ல. அதை ஸதகா செய்துவிட்டால் போதுமா என்று கேட்டார். உரியவர் யாரென்று தெரியாத பணத்துக்குத்தான் அந்த வழி. இங்கே உரியவர் அரசு, திருப்பிக் கொடுக்க வழியும் சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த வழி, 'அப்டேட்டட் ரிட்டர்ன்' என்னும் திருத்திய கணக்கு. 2025 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை இதைக் கொடுக்கலாம். முதல் 12 மாதத்துக்குள் என்றால் கட்ட வேண்டிய வரி, வட்டியின் மேல் 25 சதவீதம் கூடுதல். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 50, 60, 70 சதவீதம் என்று ஏறும். விசாரணை தொடங்கிவிட்டால் பல நேரங்களில் இந்தக் கதவு மூடிவிடும். எனவே குறுஞ்செய்தி வந்த உடனே செய்வதுதான் நல்லது. இவர் முதல் 12 மாதத்துக்குள் இருந்தார். வாங்கிய ரீஃபண்டையும் அதற்குரிய வட்டியையும் 25 சதவீதக் கூடுதலையும் சேர்த்துக் கட்டினார். பொய் எழுதியவருக்குப் போன 1,768 ரூபாய் போனதுதான். அவருடைய எண் இப்போது அழைப்பை எடுப்பதில்லை.

கட்டிய மறுநாள் அவரோடு உட்கார்ந்து இணையதளத்தில் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து, அந்த அந்நிய மின்னஞ்சலை நீக்கிவிட்டு அவருடையதைப் போட்டோம், கடவுச்சொல்லையும் மாற்றினோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டில் வேறொருவர் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்திருந்தால், இன்று இஷா தொழுகைக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து, அங்கே யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள்.